கல்லறையில் சொல்ல வேண்டிய பெயர்

கோல்ஃப் திடலுக்குள் நடந்து வந்துவிடுகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு ரெஜினால்ட் ஒரு முறை வைத்திருந்தான். பக்கி வண்டியில் உட்கார்ந்தபடி கத்தக் கூடாது. வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வயதுக்குத் தகுந்தபடி அங்கிள், ஆன்ட்டி, மலாய்க்காரரானால் பாக்சிக் என்று கூப்பிட வேண்டும். பிறகுதான் விஷயம்.

பெரும்பாலும் அது வேலை செய்தது. சாயங்காலக் காற்று வாங்கத் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற தம்பதிகள், கல்யாண ஆல்பத்துக்காக மணல் குழியில் இறங்கிச் சேலையைப் பறக்கவிடுகிற ஜோடிகள், புல் மெத்தென்று இருக்கிறதே என்று கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பாய் விரித்து மீகூன் பொட்டலம் பிரிக்கிற குடும்பங்கள், எல்லாரையும் அவன் பார்த்திருக்கிறான். "பந்து வந்து புள்ள மண்டைல பட்டுச்சுன்னா என்னங்க ஆன்ட்டி பண்றது?" என்று மெதுவாகக் கேட்பான். மண்டை என்ற சொல் காதில் விழுந்ததும் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மார்ஷல் வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் அவன் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

பதினோராவது குழியில் மட்டும் அந்த முறை எடுபடாது. அங்கே வருகிறவர்கள் வழி தவறி வருவதில்லை.

மெர்லிமாவுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் நடுவில் இருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தை விற்று, திடல் ஆக்கியபோது லயத்து மக்களை எதிர்ப்புறத்துத் தாமான் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். சிற்றாலயத்தை இடித்தார்கள். கல்லறையை மட்டும் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வேலி போட்டு விட்டுவிட்டார்கள். அது இப்போது பதினோராவது குழிக்குப் பின்னால் சிலுவைகளோடு நிற்கிறது. சாலைப் பக்கம் ஒரு வாசல் வைத்துத் தருவதாகச் சொன்ன கிளப், வருஷக்கணக்காக வைத்துக்கொண்டே இருந்தது. நவம்பர் முதல் வாரம் மட்டும் திடலைக் கடந்து போகலாம். மற்ற நாட்களில் கூடாது. கூடாது என்று சொல்வதற்குத்தான் ரெஜினால்டுக்குச் சம்பளம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் பெரிய போட்டி. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பதினோராவது குழிப் புல்வெளியின் நடுவே மூன்று பேர் கோயிலுக்குப் போகிற உடுப்பில் நடந்து போவதைப் பார்த்ததும் ரெஜினால்ட் பக்கியைத் திருப்பினான். கிட்டே போகப் போக அவன் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது.

முன்னால் அல்போன்ஸ், கையில் பூவும் மெழுகுவத்தியும் தெரிகிற பிளாஸ்டிக் பையோடு. பின்னால் அவருடைய அக்கா அன்னம்மா, முழங்காலைப் பிடித்துப் பிடித்து. அவருக்குக் கை கொடுத்தபடி அல்போன்ஸின் மகள் பமேலா.

பமேலா அவனைப் பார்த்தாள். பிறகு பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கும் அவனுக்கும் மூன்று வருஷப் பழக்கம். அவன் வேலைக்கு வந்த புதிதில் ஒரு நவம்பரில், இந்த ஜனங்கள் கடந்து போவதற்காகக் கையை உயர்த்தி ஆட்டக்காரர்களை நிறுத்தி வைத்தான். வரிசையில் கடைசியாகப் போனவள், "தேங்க்ஸ்லா, டிராஃபிக் போலிஸ்" என்று சிரித்துவிட்டுப் போனாள். மெர்லிமாவ் கிளினிக்கில் கவுண்டரில் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்த பிறகு அவனுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேளுங்கள் என்று அவள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். அல்போன்ஸை அவன் இரண்டு தடவை இதே புல்வெளியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தான். அதில் ஒன்று, அவர் மனைவி இறந்த முதல் வருஷப் பூசையன்று. அந்த மனிதர் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது? கொஞ்சம் டைம் குடு, கொஞ்சம் டைம் குடு என்று தள்ளிக்கொண்டே வந்தான். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று போன மாதம் அவள் எழுதியதற்கும் அதைத்தான் பதிலாக அனுப்பினான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வரி கிடையாது.

அவன் இறங்குவதற்குள் அன்னம்மா குனிந்து எதையோ எடுத்தார். முந்தானையில் துடைத்து அவனிடம் நீட்டினார்.

"இந்தாங்க தம்பி, ஒங்க கிளப்பு பந்து. நல்ல வேள நான் பாத்தேன்."

ஆயுளில் பாதியை உதிரிப் பழம் பொறுக்கிக் கழித்தவர் அவர். செம்பனை மரத்தடியில் ஒரு பழம் கிடந்தாலும் தாண்டிப் போகாத கை. பந்தைப் பார்த்ததும் இடுப்பு தானாக வளைந்துவிட்டது.

"ஆன்ட்டி, எங்க எடுத்தீங்களோ அங்கயே வச்சிருங்க. ஆட்டம் நடக்குது."

"எங்கன்னு யாரு கண்டா? கீழ கெடந்துச்சு."

தூரத்தில் டத்தோ பட்டக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தார். "யாரோ தெரிஞ்சவரு போல இருக்கு" என்று அன்னம்மாவும் கையை ஆட்டினார்.

ரெஜினால்டின் இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. மேனேஜர் யுவனேஸ்வரன். "ரெஜி, யாரு அது ஃபேர்வே புல்லுல? டத்தோ போன்ல கத்துறாரு. லைஃப்லயே அப்படி ஒரு ஷாட் அடிச்சதில்லயாம். அந்தப் பந்தத் தூக்கிட்டாங்களாம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் இடிச் சங்கு ஊதியது. மின்னல் கிட்டே வந்தால் ஊதுகிற சங்கு அது. டத்தோவின் கூட்டம் பக்கிகளில் ஏறி கிளப் பக்கம் பறந்தது. சங்கு ஊதிய பிறகு திறந்தவெளியில் ஓரடி வைக்கக் கூடாது, யாரையும் விட்டுவிட்டும் வரக் கூடாது என்பது விதி. மழைக் குடில் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. நான்கு தூண், ஒரு கூரை, நடுவே ஒரு சிமெண்டுப் பெஞ்சு.

"ஆன்ட்டி, வாங்க. பமே… வாங்க, உள்ள வாங்க."

மழை சரிந்து விழுந்தது. அல்போன்ஸ் மட்டும் கூரைக்கு வெளியே நனைந்தபடி நின்றார்.

"உள்ள வாங்க அங்கிள், இடி இடிக்குது."

"ஒன் எடம்பா. நீ வான்னா வரணும், போன்னா போகணும்."

"டேய், வாடா உள்ள" என்றார் அன்னம்மா. "ஒனக்கு வேற என்னால வருஷப் பூசை குடுக்க முடியாது."

அல்போன்ஸ் வந்தார். பெஞ்சின் ஒரு கோடியில் அவர், மறுகோடியில் அன்னம்மா, நடுவில் பமேலா. தூணோரம் ரெஜினால்ட். மழை நாலு பக்கமும் திரை போட்டது போல் இறங்கியது. கிளப் தெரியவில்லை, தாமான் தெரியவில்லை. உலகத்தில் அந்தச் சிமெண்டுத் தரை மட்டுமே மிஞ்சியது மாதிரி இருந்தது. கை நீட்டினால் பமேலாவின் தோளைத் தொடலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வாக்கி-டாக்கி மறுபடியும் பேசியது. அதன் குரலைக் குறைக்க அவன் திருகியபோது அது நேர்மாறாகக் கூடிவிட்டது.

"ரெஜி, மழ விட்டதும் அவங்கள நேரா ஆபிசுக்குக் கூட்டிட்டு வா. ஐசி கார்ட வாங்கி வச்சுக்கிட்டு போலிஸ் ரிப்போட் போடப் போறோம். இந்தத் தடவ சும்மா விட முடியாதுலா. வழக்கம் போல நீ நைசா அனுப்பி வச்சேன்னா, நீயும் அவங்க பின்னாலயே போயிரு. சரியா?"

எல்லாருக்கும் கேட்டது. "சரி பாஸ்" என்று அவன் சொன்னதும் கேட்டது.

"கேட்டுக்கிட்டியா அக்கா?" அல்போன்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொண்டாட்டியப் பாக்க வந்ததுக்கு ஜெயிலு."

"ஜெயிலெல்லாம் இல்லிங்க அங்கிள். சும்மா ரிப்போட்டுதான்."

"ஒனக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. பாச்சாங்ல."

"அப்ப ஒனக்குச் சொன்னாப் புரியாது."

அன்னம்மாவால் அதிக நேரம் சண்டை தாங்க முடியாது. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். "வட எடுத்துக்கங்க தம்பி. கோவத்துல யாரு சாப்புடாம இருந்தா யாருக்கு நஷ்டம்? ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இன்னும் இல்லிங்க ஆன்ட்டி."

"ஏன்?"

அவன் வடையைக் கடித்தான். பதில் பெஞ்சிலிருந்து வந்தது.

"அவருக்கு எங்கயும் போயிக் கேட்டுப் பழக்கமில்ல அத்த" என்றாள் பமேலா, மழையைப் பார்த்தபடி. "வர்றவங்களத் தடுத்துத்தான் பழக்கம்."

"சும்மா இருடி. பாவம், அவரு வேல அது." அன்னம்மா அவன் பக்கம் திரும்பினார். "இவளுக்குத்தான் தம்பி நாளைக்குப் பரிசம். சுங்கை ரம்பாய்ல டயர் கட வச்சிருக்காங்க, நல்ல குடும்பம். ஜோனாஸ்னு பையன் பேரு. அதான் அவ அம்மாகிட்டச் சொல்ல வந்தோம். சொல்லாமத் தட்டு வாங்க முடியாது பாருங்க."

மழைச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது போல் ரெஜினால்டுக்குத் தோன்றியது. நிற்கவில்லை. இன்னும் பலமாகத்தான் பெய்துகொண்டிருந்தது.

அது அந்த லயத்து வேதக்காரர்களின் வழக்கம் என்று அன்னம்மா விளக்கினார். தாயோ தகப்பனோ இறந்துபோன பெண்ணுக்குச் சம்பந்தம் முடிவானால், தட்டு மாற்றுவதற்கு முன்னால் அவள் கல்லறைக்குப் போக வேண்டும். மெழுகுவத்தி ஏற்றி, தன் வாயால், சத்தமாக, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். அவளுக்காக வேறு யாரும் சொல்லக் கூடாது. சொல்லாத பெயருக்குத் தட்டு வாங்குவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசல் வரை வந்து திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு.

"நேத்தே வந்திருப்போம். எனக்கு மோட்டார்ல ஏறி ஒக்கார முடியல, சுத்திப் போனாலும் அந்தப் பக்கம் வாசல் இல்ல. சரி, நடந்துருவோம்னு கெளம்பிட்டோம்."

ரெஜினால்ட் தூணில் சாய்ந்துகொண்டான். ஒன்றுமே செய்ய வேண்டாம், அதுதான் அவனைக் கூச வைத்தது. மேனேஜர் சொன்னதை அப்படியே செய்தால் போதும். ஆபிஸ், ஐசி, ரிப்போட் என்று பொழுது இருட்டிவிடும். பெயர் சொல்லப்படாது. நாளைக்குச் சுங்கை ரம்பாய்த் தட்டு திரும்பிப் போகும். வேலையும் போகாது, பமேலாவும் போகமாட்டாள். அவன் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த டைம் அவன் மடியில் தானாக வந்து விழுந்திருக்கிறது. கடமையும் ஆசையும் ஒரே திசையைக் காட்டின. அந்தத் திசையில் அல்போன்ஸ் ஈரச் சட்டையோடு, மடியில் பூப்பையை நனையாமல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் வருஷப் பூசையன்றும் அவர் இப்படித்தான் ஒரு பையை அணைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவன் தொப்பியைக் கழற்றி, மரியாதையாகப் பேசி, அவரைத் திருப்பி அனுப்பினான். மரியாதையாக அனுப்பியதில் தனக்கு அன்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பது இப்போது ஞாபகம் வந்தது.

"பொண்ணுக்குச் சம்மதமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டான்.

அல்போன்ஸ் நிமிர்ந்தார். "அது ஒனக்கு எதுக்குப்பா?"

"கேட்டாங்க, சரின்னேன்" என்றாள் பமேலா. இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். "கேக்குறதுக்கு அவங்களாவது வந்தாங்களே."

மழை மெலிந்தது. தூரத்துச் சிலுவைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அபாயம் நீங்கிய சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. உடனே யுவனேஸ்வரன் வாக்கி-டாக்கியில் வந்துவிட்டார். "ரெஜி, கெளம்பிட்டியா?"

ரெஜினால்ட் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டு போனான். "பாஸ், இவங்கள முதல்ல கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறேன். முடிச்சுட்டு நானே ஆபிசுக்கு வரேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கேட்டுச்சு பாஸ்."

"ஆளு மரியாதையா நடக்குற வரைக்கும்தான் நானும் மரியாத. நான் அங்க வரேன்."

ரெஜினால்ட் வாக்கி-டாக்கியை இடுப்பில் மாட்டினான். பக்கிச் சாவியை அல்போன்ஸிடம் நீட்டினான். "அங்கிள், நீங்க எஸ்டேட் லாரி ஓட்டுனவருதான. ஆன்ட்டியப் பக்கத்துல ஒக்கார வச்சு ஓட்டிக்கிட்டுப் போங்க. புல்லுல ஏத்தாதீங்க, பாதையோட போங்க. நாங்க நடந்து வரோம்."

அல்போன்ஸ் சாவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் என்ன சூது என்று தேடுகிற பார்வை. அன்னம்மா அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். "எடுடா. ஏசி காடி மாதிரி இருக்கு."

பக்கி மெதுவாக நகர, ஈரப் பாதையில் அதன் பின்னால் இருவரும் நடந்தார்கள். அவள் நன்றி சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தான். தன்னைப் பற்றி அவனுக்கே சற்று நல்ல அபிப்பிராயம் வந்திருந்தது.

"பெரிய தியாகம் பண்றதா நெனப்பா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"பமேலா…"

"இதுவும் ஒங்களுக்கு சுலபமான வழிதான். என்னை அங்க கொண்டு போய் விட்டுட்டு, ஓரமா நின்னு அழுதுக்கலாம். அப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்காமலே எல்லாம் முடிஞ்சிரும். நல்லவன்னு பேரும் கெடைக்கும்."

"என் வேலையே போகப் போகுதுலா."

"வேல போறதுக்குப் பயப்படல. எங்கப்பாவுக்குப் பயப்படுறீங்க." அவள் செருப்பில் ஒட்டிய புல்லை உதறினாள். "நான் அங்க போயி ஒரு பேரச் சொல்லணும். வந்தே கேக்காதவன் பேர நான் எப்படி எங்கம்மாகிட்டச் சொல்ல முடியும்? வந்து கேட்டவன் பேரத்தான் சொல்லணும். என்ன அந்த எடத்துல கொண்டு வந்து மாட்டி வச்சது நீங்கதான்."

பக்கி கல்லறை வேலியருகே நின்றது. அல்போன்ஸ் இறங்கி அக்காவுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் கிளப் பக்கமிருந்து இன்னொரு பக்கி வருவது ரெஜினால்டுக்குத் தெரிந்தது. வேலியில் சின்ன இரும்புக் கதவு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அதற்குள் போய்விடுவாள். இதற்கு மேல் தள்ளிப்போட நாள் கிடையாது, இடமும் கிடையாது.

"அங்கிள்."

"என்ன, இங்கயும் போகக் கூடாதா?"

"அவங்க உள்ள போறதுக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்." அவன் தொப்பியைக் கழற்றினான். பழக்கத்தில் கழற்றிவிட்டான் என்று தெரிந்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் செருகினான். "எனக்கு பமேலாவக் கட்டிக் குடுப்பீங்களா? மூணு வருஷமாப் பழக்கம். முன்னயே வந்து கேட்டிருக்கணும். வருஷப் பூசை அன்னிக்கு ஒங்களத் திருப்பி அனுப்பிட்டேன்ல, அந்த வெக்கத்துல வரல."

அன்னம்மாவின் கையிலிருந்த டப்பா சாய்ந்தது. இரண்டு வடை புல்லில் விழுந்தன. முதல் தடவையாக அவர் குனியவில்லை.

அல்போன்ஸ் மகளைப் பார்த்தார். "உண்மையாவா?"

"உண்மைதான்ப்பா."

"அப்ப சுங்கை ரம்பாய்?"

"நீங்க கேட்டீங்க. நான் சரின்னேன். வேற யாரும் வந்து கேக்கல."

அல்போன்ஸின் முகத்தில் கோபம் வந்தது, ஆனால் அது போய் உட்கார ஓர் இடம் கிடைக்காமல் அலைந்தது. தட்டு சாமானெல்லாம் வாங்கியாகிவிட்டது என்றார். பங்குத் தந்தையிடம் சொல்லியாகிவிட்டது என்றார். நாளைக்கு அவர்கள் வந்து நின்றால் நான் என்ன முழிப்பது என்றார். இவனைப் போய் என்றார். பிறகு பூப்பையை மகள் கையில் திணித்தார்.

"உள்ள போ. ஒங்கம்மாகிட்ட என்ன சொல்லுவியோ சொல்லு. அங்க நின்னுக்கிட்டு நீ பொய் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும்." ரெஜினால்டிடம் திரும்பினார். "நீ வெளியவே நில்லு."

அவன் வேலிக்கு வெளியே நின்றான். கம்பி வலைக்குள் மூன்று முதுகுகள். ஈரத்தில் மெழுகுவத்தி பற்றிக்கொள்ள நேரமானது. அல்போன்ஸ் கையைக் குவித்துக் காற்றை மறைத்தார். பமேலா முழங்காலிட்டாள், தரை ஈரம் என்றுகூடப் பார்க்காமல். அவள் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், அதுதானே வழக்கம். ஆனால் சரியாக அந்த நேரம் யுவனேஸ்வரனின் பக்கி வந்து பின்னால் நிற்க, ரெஜினால்டுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை மட்டும் பார்த்தான். அது அழுகையா சிரிப்பா என்று முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"ரெஜி, ஒன்கிட்டப் பேசணும்" என்றார் யுவனேஸ்வரன் பின்னாலிருந்து.

"ஒரு நிமிஷம் பாஸ்."

அல்போன்ஸ் கதவை நோக்கி வந்தார். மெதுவாக, ஒவ்வொரு சிலுவையாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அவங்க வீட்டுக்கு நான் என்ன சொல்லுறது?"

உள்ளே சொல்லப்பட்டது ஜோனாஸின் பெயர் இல்லை என்பது ரெஜினால்டுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் வந்து சொல்றேன் அங்கிள்."

"எப்ப?"

நாளைக்குக் காலையில் என்று சொல்ல வாய் போனது. பின்னால் யுவனேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார். முன்னால் அல்போன்ஸ் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார். உள்ளே பமேலா எழுந்து, முழங்காலில் சேற்றோடு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பவே போவோம்" என்றான் ரெஜினால்ட்.

"அங்க ஏசுனாங்கன்னா ரெண்டு பேரும்தான் வாங்கிக்கணும்."

"சரிங்க அங்கிள்."

"நான் பேச மாட்டேன். நீதான் பேசணும்."

"பேசுறேன்."

அல்போன்ஸ் கதவைத் திறந்தார். அவனை உள்ளே கூப்பிடவில்லை. தானும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வழியை அடைத்து நின்றுவிட்டு, ஒருக்களித்து விலகினார்.

"போயி அவ அம்மாவப் பாத்துட்டு வா. அப்புறம் கெளம்பலாம்."